சூடேறினால் பேசும் பீங்கான்

அமெரிக்காவில் பழைய பிக்கப் வைத்திருக்கும் பலர் ஆக்சிஜன் சென்சாரை மெக்கானிக்கிடம் போகாமல் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடுவார்கள். டேஷ்போர்டில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரியும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினால் ‘பி0135’ என்று காட்டும். முதல் சென்சாரின் ஹீட்டர் பழுது என்று பொருள்.

புகைக்குழாயில் திருகியிருக்கும் கட்டைவிரல் அளவுப் பொருளுக்கு எதற்கு ஹீட்டர்? சுற்றிலும் ஓடுவதே சுடுபுகைதானே!

அதன் நுனிக்குள் இருப்பது இட்ரியம் கலந்த சிர்கோனியப் பீங்கான். சிர்கோனியம் இருக்கவேண்டிய சில இடங்களில் இட்ரியம் உட்கார்ந்துகொள்வதால், படிகத்தில் ஆக்சிஜனுக்கான இடங்கள் சில காலியாகக் கிடக்கின்றன. சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறினால், ஆக்சிஜன் அயனிகள் அந்தக் காலியிடங்கள் வழியே நகரத் தொடங்கும். பீங்கானின் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாடு மின்னழுத்தமாகிறது. பெட்ரோல் மிகுந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1. இதைப் பார்த்தே கணினி, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக்கணக்கைச் சுற்றியே கலவையை வைத்திருக்கிறது. இந்தக் கணக்கு பிசகினால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலுள்ள பிளாட்டினமும் ரோடியமும் நச்சு வாயுக்களை ஒருசேர அடக்க முடியாது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் வரும் புகைதான் மிக மோசமானது. பீங்கான் தானாகச் சூடேறும்வரை காத்திருக்கக் கூடாது என்றே ஹீட்டர்.

எனக்குத் தீராத வியப்பு இதற்குப் பின்னுள்ள மனிதர். அந்த மின்னழுத்தத்தைக் கணக்கிடும் சமன்பாட்டை 1889-ல் தந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட். அடுத்த பத்தாண்டுக்குள் அவரே ஒரு மின்விளக்கும் செய்தார். அதில் ஒளிர்ந்தது இதே சிர்கோனியா–இட்ரியாக் கலவை! குளிர்ந்த நிலையில் மின்சாரம் பாயாது என்பதால் அந்த விளக்குக்கும் சூடேற்றும் கம்பிச்சுருள் வேண்டியிருந்தது. சமன்பாடும் பீங்கானும் 1976-ல் வோல்வோ காரின் புகைக்குழாயில் சேர்ந்து வேலைக்கு வந்தன. அந்தச் சென்சாரைச் செய்தது பாஷ் நிறுவனம்.

சென்சாரை மாற்றும்போது பழையதைக் கழற்றுவதுதான் கடினம். துரு பிடித்த மரைக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, என்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது 22 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட வேண்டும். புதியதன் மரையில் பூசும் பசை நுனியில் படக்கூடாது. சிலிக்கோன் ஆவியும் ஆகாது. இரண்டுமே பீங்கானின் பிளாட்டினப் பூச்சைப் புகையிலிருந்து மறைத்துவிடும்.