பீர் வேறு, லாகர் வேறா? குழப்பத்துக்கு ஒரு விளக்கம்

"பீர் வேணுமா, லாகர் வேணுமா?" என்று கேட்டால் பலர் குழம்பிப்போவார்கள். உண்மையில் கேள்வியே தப்பு. "டிபன் வேணுமா, இட்லி வேணுமா?" என்பது மாதிரிதான் இதுவும். இட்லியும் டிபன்தான், லாகரும் பீர்தான்.

என்ன வித்தியாசம்?

பீரில் இரண்டு பெரிய வகைகள்: லாகர், ஏல். இரண்டுக்கும் முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் ஆகியவைதான் அடிப்படை. வித்தியாசம் ஈஸ்ட்டில் இருக்கிறது.

ஏல் ஈஸ்ட், சுமார் 15 முதல் 24 டிகிரி செல்சியஸில் சீக்கிரம் நொதித்துவிடும். பழவாசம், மசாலா வாசம் வருவது இதனால்தான். ஸ்டவுட், பெரும்பாலான கோதுமை பீர்கள் இந்த வகை.

லாகர் ஈஸ்ட்டுக்குக் குளிர்ச்சி வேண்டும். 7 முதல் 13 டிகிரியில் மெதுவாக நொதிக்கவிட்டு, பிறகு இன்னும் குளிரில் வாரக்கணக்கில் வைப்பார்கள். ஜெர்மன் மொழியில் 'லாகர்ன்' என்றால் சேமித்து வைப்பது. பெயர் வந்த கதை அதுதான். சுவையும் லேசாக, சுத்தமாக இருக்கும். கிங்ஃபிஷர் உட்பட இந்தியாவில் அதிகம் விற்பவை லாகர்களே.

நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. கறுப்பு லாகரும் உண்டு, வெளிர் ஏலும் உண்டு. இன்று நமக்குப் பழகிய பொன்னிற லாகர், 1842-ல் பில்சன் நகரில் ஜோசப் க்ரோல் தயாரித்த பீரின் வழிவந்தது.

எப்படிப் பரிமாறுவது?

* லாகர் 4 – 7 டிகிரி, ஏல் 8 – 13 டிகிரி. ரொம்ப ஜில்லென்று இருந்தால் நாக்கு மரத்து, சுவை தெரியாது.
* கிளாஸை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். உள்ளே படியும் பனியால் நுரை பொங்கும்.
* சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது.
* கிளாஸை 45 டிகிரி சாய்த்து ஊற்றி, பாதி நிறைந்ததும் நிமிர்த்துங்கள். இரண்டு விரல் அளவு நுரை நல்லது.
* பாட்டிலை வெயிலில் வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றம் வரும். பழுப்பு பாட்டில் அதைத் தடுக்கவே.

'பீர்தானே' என்ற நினைப்பு

லாகரா, ஏலா என்பதைவிட லேபிளில் இருக்கும் சதவீதம் முக்கியம். 8% ஆல்கஹால் உள்ள 650 மி.லி. 'ஸ்ட்ராங்' பாட்டிலில் 52 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 42.8% விஸ்கி என்றால் 30 மி.லி. பெக் நான்குக்குச் சமம்! லேசாக இறங்குகிறதே என்பதால் கணக்கு மாறாது.

100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். "ஒரு பீர்தான் மச்சி" என்று சாவியை எடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு)