குளிர் ஊரும் குளிர் வீடும்

பணி ஓய்வுக்குப் பிறகு மலையூரில் குடியேற நினைப்பவர்கள் அந்த ஊரைப் பெரும்பாலும் மே மாதத்தில்தான் பார்த்திருப்பார்கள். சென்னை 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஊட்டியின் பகல் 22, 23 டிகிரியில் நிற்கும். வியர்வை காய்ந்த அந்த ஒரு வார நினைவுதான், பணிக்கொடையும் சேமநிதியும் கைக்கு வரும் வேளையில் கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ ஐந்து சென்ட் நிலம் என்ற யோசனையாகத் திரும்பி வருகிறது. அதே ஊரின் ஜூலை மழையையும் ஜனவரி விடியற்காலையையும் அவர்களில் பலர் பார்த்ததில்லை.

மலை ஏன் குளிர்கிறது என்பதற்கு விடை எளிது. சூரிய ஒளி காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. தரை சூடேறி, அந்தச் சூட்டைத்தான் காற்று வாங்கிக்கொள்கிறது. மேலே எழும் காற்று, அழுத்தம் குறையக் குறைய விரிந்து குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஆறரை டிகிரி இறங்கும். கோவை சுமார் 410 மீட்டர் உயரத்திலும் ஊட்டி சுமார் 2,240 மீட்டரிலும் இருக்கின்றன. கணக்குப் போட்டால் 12 டிகிரி வித்தியாசம் வரும். கோடையில் கிட்டத்தட்ட அதுதான் இருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டரை ஒட்டியவை. ஏற்காடு 1,500, ஏலகிரி 1,100 மீட்டர் அளவு. மலையூர் என்ற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டு டிகிரி வேறுபாடு அடங்கியிருக்கிறது.

மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்ற பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் வீடு எழும்பியது. நோயுற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் உடம்பு தேறுவதற்காக மேலே வரத் தொடங்கினார்கள். கொடைக்கானலில் 1845இல் வீடு கட்டிய அமெரிக்க மிஷனரிகள் மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்குப் பயந்து ஏறியவர்கள். அவர்களையெல்லாம் காப்பாற்றியது காற்று என்பதைவிட, மலேரியா கொசு பெருக முடியாத குளிர் என்பதே சரி. ரொனால்டு ராஸ் 1897இல் ஊட்டியில் தங்கியிருந்தபோது, கீழே சீகூர் மலைப்பாதைப் பக்கம் போய் மலேரியாவை வாங்கிக்கொண்டு வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுக்குள் அந்தக் கிருமியைக் கண்டறிந்தார்.

ஆக, மலைக்கு நற்பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் காய்ச்சல் கண்ட இளைஞர்கள். இன்று நிலம் தேடுபவருக்கு வயது அறுபதுக்கு மேல்; அவர் கையில் இருப்பவை ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும். இந்த உடம்பிடம் குளிர் நடந்துகொள்ளும் விதம் வேறு.

குளிர் தோலில் பட்டதும் கை, கால் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உள்ளுறுப்புகளின் சூட்டைக் காக்க உடம்பு செய்யும் ஏற்பாடு இது. ஆனால் சுருங்கிய குழாய்க்குள் அதே ரத்தத்தை ஓட்ட இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும், அழுத்தம் ஏறுகிறது. ரத்தமும் சற்றுக் கெட்டியாகிறது, எளிதில் உறைகிறது. கோடையில் சரியாக இருந்த மாத்திரை அளவு குளிர்காலத்தில் போதாமல் போவது இதனால்தான். நடுப்பகுதிக்கு ஒதுங்கிய ரத்தத்தைப் பார்த்து, உடம்பில் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும் சிறுநீரகம் கூடுதலாக நீரை வெளியேற்றுகிறது. குளிரில் அடிக்கடி சிறுநீர் வருவதன் காரணம் அது. அறுபத்தைந்து வயதுக்காரர் விடியற்காலை மூன்று மணிக்குக் கம்பளியிலிருந்து எழுந்து, சில்லிட்ட தரையில் கால் வைத்து, மரத்த விரல்களோடு குளியலறைக்கு நடப்பதை எண்ணிப் பார்த்தால், மலை வாழ்க்கையின் ஆபத்தான பத்தடித் தூரம் எதுவென்று தெரியும்.

முதுமையில் இன்னொரு கோளாறும் சேர்கிறது. தசை குறைவதால் உடம்பு உண்டாக்கும் சூடு குறைகிறது. நடுக்கம் தாமதமாக வருகிறது. குளிர்கிறது என்ற உணர்வே மங்குகிறது. தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு. பல ஆண்டு சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், வெந்நீர்ப் பை காலைப் பொசுக்குவதைக்கூட அறியாமல் தூங்கிவிடுவார்கள்.

இதற்காக மலை வேண்டாம் என்று முடிவு கட்டுவதும் தவறு. வெயிலும் கொல்லும். சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. புழுக்கமான இரவில் வியர்வை ஆவியாகாமல் உடம்பு ஆற வழியின்றித் தவிப்பதில் முதியவர்களே முன்வரிசை. ஆனால் எண்களை வைத்துப் பார்த்தால் தராசு எதிர்பாராத பக்கம் சாய்கிறது. 13 நாடுகளின் 384 இடங்களில் நிகழ்ந்த 7.4 கோடி இறப்புகளை ஆராய்ந்து, 2015இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. குளிரோடு தொடர்புடையவை 7.29 சதவீதம்; வெப்பத்தோடு தொடர்புடையவை 0.42 சதவீதம். அந்தக் குளிரிலும் பெரும்பங்கு கடுங்குளிர் இல்லை, மிதமான குளிர். ஸ்வெட்டர் போட்டால் போதும் என்று எல்லோரும் அலட்சியமாக விடும் வகை. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் இந்திய இறப்புகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வும் மிதமான குளிர் மீதே, குறிப்பாகப் பக்கவாத விஷயத்தில், விரலை நீட்டியது.

இதைவிட வியப்பானது ஐரோப்பாவின் கதை. குளிர்காலத்தில் இறப்பு கூடுவது உறைபனி நாடான பின்லாந்தில் குறைவு. இதமான போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் அதிகம். பின்லாந்து வீட்டில் இரட்டைக் கண்ணாடிச் சன்னல், சூடு கசியாத சுவர், ஓயாத வெப்ப ஏற்பாடு எல்லாம் உண்டு. குளிர் வாசலோடு நின்றுவிடும். போர்ச்சுகல் வீடு வெயிலை நினைத்துக் கட்டியது. அங்கே குளிர் படுக்கைவரை வருகிறது. வெளியே எத்தனை டிகிரி என்பதைவிடப் படுக்கையறையில் எத்தனை டிகிரி என்பதே உயிரைத் தொடும் எண்.

குளிர் நாட்டு வீடுகளின் உள்வெப்பம் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை. முதியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கலாம். ஊட்டியில் ஜனவரி இரவு சராசரியாக 6 டிகிரியை ஒட்டி இறங்கும். இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை சமவெளிக் கொத்தனாரின் கைவழக்கப்படி எழுந்தவை: ஒற்றைக் கண்ணாடிச் சன்னல், தளத்துக்கு மேல் எதுவும் போர்த்தாத கான்கிரீட், பழைய வீடென்றால் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ. வீட்டு வகையில் இவை போர்ச்சுகல் பக்கம் சேர்பவை. பார்வைக்கு அழகான பெரிய சன்னல் இரவெல்லாம் சூட்டை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிலோவாட் ஹீட்டரை இரவுக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் நான்கு யூனிட். இரண்டு மாத பில்லில் அது மட்டும் 240 யூனிட்.

அந்தச் செலவுக்கு அஞ்சி, அல்லது மின்சாரம் இல்லாத நேரத்தில், கரி அடுப்பைப் படுக்கையறைக்குள் இழுத்து வைப்பது மலையில் நடக்கும் பெரிய தவறு. கதவைச் சாத்தி, கணப்பு மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் பலமுறை வந்திருக்கிறது. அரைகுறையாக எரியும் கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தச் சிவப்பணுவோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணைகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதில் ஏமாற்றும். சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒரே சிவப்பு என்பதால், மூச்சு நின்றுகொண்டிருக்கும் மனிதருக்கு 98 என்று காட்டும். காற்றுப் புகாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசரும் இதே வகை எமன்.

ஒரே ஊரில் இரண்டு வீடுகளுக்கிடையே சில டிகிரி வேறுபடலாம் என்பதும் நிலம் பார்க்கப் போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்கி டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக முற்றும்போது, தலைகுந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகள் விடியலில் உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கின்றன. சற்று மேலே சரிவின் நடுவில் நிற்கும் தேயிலைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஓடையோரத்துச் சமநிலம் கட்டுவதற்கு வசதி, தூங்குவதற்குக் கொடுமை. வெயில் வரும் திசையும் முக்கியம். ஊட்டி இருப்பது வடக்கே 11 பாகையில். டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கு வானில் சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். தெற்குப் பார்த்த சுவர் அந்த வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். வடசரிவில், தைல மரக் காட்டுக்குப் பின்னால் மறைந்த வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வாஸ்து பார்ப்பவர்கள் தெற்கு வாசலைத் தட்டிக்கழிப்பது வழக்கம். மலையில் அந்தத் தெற்கே மேல்.

உயரத்தால் வரும் இன்னொரு மாற்றம் காற்றின் கனம். 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகப் பாடாய்ப் படுத்தும். நல்ல நுரையீரல் சில நாட்களில் சமாளித்துக்கொள்ளும். பல ஆண்டு புகைத்தவர்கள், ஆஸ்துமா முற்றியவர்கள், இதயம் பலவீனமானவர்கள் மட்டும் ஏற்றத்தில் நின்று நின்று நடப்பார்கள். ஏறுவதாவது மூச்சு வாங்கி எச்சரிக்கும். இறங்குவதுதான் முழங்காலைத் தேய்க்கிறது.

குளிர் மூட்டுவலியைக் கூட்டும் என்பது பரவலான நம்பிக்கை. பிரிட்டனில் 2,658 பேர் தங்கள் அன்றாட வலியைக் கைபேசியில் பதிந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. வலியோடு சேர்ந்து நின்றவை ஈரப்பதமும் குறைந்த காற்றழுத்தமும் பலமான காற்றும். வெப்பநிலைக்குத் தனிப் பங்கு தென்படவில்லை. பாதிப்பும் சிறியதே. ஆகவே மூட்டுவலிக்காரருக்கு ஜனவரியின் காய்ந்த குளிரைவிட ஜூலையின் ஈரமே சோதனை. துவைத்த துணி நான்கு நாள் காயாது, பீரோவுக்குள் செருப்பில் பூஞ்சை பூக்கும். அந்தப் பூஞ்சை ஆஸ்துமாவையும் கிளறும். இந்த ஈரம் ஊருக்கு ஊர் மாறும். தொட்டபெட்டாவின் மேற்குப் புறம் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலை முதுகின் மறைவில் கோத்தகிரிக்கு அந்த அடி குறைவு. அதன் மழைக்காலம் அக்டோபர், நவம்பர்.

அந்த நவம்பரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்டியான பாறைமேல் போர்த்திய செம்மண், நீரை உறிஞ்சிக் கனத்ததும் நழுவுகிறது. சரிவின் அடியை வெட்டி மனை சமப்படுத்துவது அந்த மண்ணின் காலை வாருவதற்கு ஒப்பு. புதிதாக வெட்டிய மண்சுவரின் கீழே கட்டிய வீடு விலை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சாலை அடைபடும்போது மருத்துவமனையும் தூரமாகிவிடுகிறது. மூளையில் ரத்தக் கட்டி அடைத்தால், அதைக் கரைக்கும் மருந்துக்கு உரிய அவகாசம் நான்கரை மணி நேரம். மாரடைப்பில் தசை ஒவ்வொரு நிமிடமும் சாகிறது. ஊட்டியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது பெரிய மாற்றம். ஆனாலும் கூடுதல் சிகிச்சைக்குக் கோவைக்கு இறங்கும் வழக்கம் தொடர்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் அது மூன்று மணி நேரப் பயணம். நகரத்துக்குள் இருப்பவருக்கு இந்தக் கணக்கு. பத்து மைல் தள்ளி, தேயிலைத் தோட்டத்து மண்பாதை முடிவில் இருப்பவர் 108 ஆம்புலன்ஸ் வந்து சேரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். மாலை ஆறு மணிக்குமேல் அந்தப் பாதையில் காட்டுமாடோ கரடியோ நிற்கலாம். இணையரில் ஒருவர் மட்டுமே வண்டி ஓட்டுபவர் என்றால், அவருக்கு முடியாமல் போகும் நாளன்று என்ன செய்வது என்பதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால், வயதான உடம்புக்கு 2,000 மீட்டருக்கு மேலே போக வேண்டிய தேவை அதிகம் இல்லை. 1,100 முதல் 1,800 மீட்டர் வரையுள்ள ஊர்கள், கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால், கோடையின் கடுமையை ஏழு முதல் பன்னிரண்டு டிகிரி வரை குறைத்துக் கொடுக்கின்றன. இந்த உயரங்களில் உறைபனி அபூர்வம், மூச்சும் திணறாது. ஊட்டியைவிடப் புகழ் குறைந்த ஏற்காட்டுக்கும் கோத்தகிரிக்கும் இதில் முன்னுரிமை தரலாம்.

எந்த ஊரானாலும், வாங்குவதற்கு முன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பவர்கள் ஏமாறுவதில்லை. ஆண்டு முழுதும் முடியாதவர்கள் டிசம்பர் பிற்பாதியில் இரண்டு வாரமும், ஜூலையில் இரண்டு வாரமும் தங்கலாம். அந்த நாட்களில் காலையிலும் இரவிலும் ரத்த அழுத்தத்தைக் குறித்து வைத்து, மருத்துவரிடம் காட்டி மாத்திரை அளவைப் பேசிக்கொள்ளலாம். படுக்கைத் தலைமாட்டில், இரவின் குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை மாட்டுவது அவசியம். விடியலில் அது 18ஐ ஒட்டிக் காட்டினால் அந்த வீடு வாழத் தக்கது. 11, 12 என்று காட்டினால் கூரையின் உட்பக்கம் தெர்மோகோல் அல்லது மரப்பலகை, சன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி, தரையில் பாய்க்கு மேல் கம்பளம் என்று செலவு தொடங்கும். அந்தத் தொகையையும் சேர்த்ததே வீட்டின் உண்மையான விலை.