மதில் நின்ற வழியே

போடிநாயக்கனூரில் தொடர்வண்டி ஏறி மதுரைச் சந்திப்பில் இறங்கும் பயணி, நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பேருந்துகளும் ஆட்டோக்களும் நெருக்கும் ஒரு சாலையைக் கடக்கிறார். அதன் பெயர் மேல வெளி வீதி. கோட்டைக்கு வெளிப்புறம் என்பதே அப்பெயரில் உள்ள 'வெளி'க்குப் பொருள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் அவர் அகழியின் கரையில் நின்று, காவலர் கதவு திறக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். இன்று அவரைத் தடுப்பவர் எவருமில்லை. மதில் இருந்த இடத்தைக் கடந்துவிட்டதே அவருக்குத் தெரிவதில்லை.

மதுரையை நடந்து பார்க்கும் வழக்கம் நம் இலக்கியத்தில் பழமையானது. மதுரை வந்த கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளின் காப்பில் புறஞ்சேரியில் இருத்திவிட்டு நகர் காணச் சென்றதைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை விரிக்கிறது. யவனர் காத்த வாயிலைக் கடந்து உள்ளே புகும் அவன், மணிகள் விற்கும் வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூலக்கடைத் தெரு எனச் சுற்றி வருகிறான். அடுத்துவரும் அடைக்கலக் காதையில் கண்ணகி மாதரியுடன் நகருக்குள் செல்கிறாள். அப்போது காவற்காடும் அகழியும், கல்லெறியும் கவணும் கொதிக்கும் எண்ணெயும் ஏந்திய மதிலும் நம் கண்முன் வருகின்றன. ஒரே நகரத்தில் கணவன் கண்டது கடைத்தெரு. மனைவி கடந்து சென்றது போர்க்கருவி. இளங்கோவடிகள் இவ்விரண்டையும் தனித்தனியே வைத்த முறை எண்ணத்தக்கது.

இன்று நாம் தடம் தேடும் கோட்டை அதற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கர், பாண்டியர் காலப் பழங்கோட்டையை அகற்றி, இரட்டை மதிலும் எழுபத்திரண்டு கொத்தளங்களும் கொண்ட பெருங்கோட்டையை எழுப்பினார். நாடு எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுக்கப்பட்டு, கொத்தளம் ஒன்றுக்கு ஒரு பாளையக்காரர் என்று காவல் ஒப்படைக்கப்பட்டதாக மரபு கூறுகிறது. தளவாய் அரியநாத முதலியாரின் பெயர் இவ்வேற்பாட்டோடு சேர்த்தே சொல்லப்படும். போடிநாயக்கனூரும் அப்பாளையங்களுள் ஒன்று. மலைச்சரிவில் பெய்யும் மழை கொட்டகுடி ஆற்றின் வழியே வைகையில் கலந்து மதுரையை அடைவது போல, மலையடிவார ஊரின் காவற்கடமையும் தொலைவிலிருந்த தலைநகரின் மதிலில் போய்ச் சேர்ந்தது. ஆகவே போடியிலிருந்து வருபவர்க்கு இக்கோட்டை வேற்றூரின் கதை அன்று.

1763, 1764 ஆம் ஆண்டுகளில் யூசுப்கான் இம்மதிலின் துணையோடுதான் ஆங்கிலேயரின் நீண்ட முற்றுகையைத் தாங்கினார். அதன்பின் கோட்டைக்குப் போர்ப்பயன் குறைந்தது. அகழியில் நீர் தேங்கி நோய்க்கு இடமாயிற்று. உள்ளே மக்கள் நெருக்கம் மிகுந்தது. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் மதிலை அகற்ற முடிவு செய்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்க்கு அந்நிலத்திலேயே இடம் கிடைத்தது. அரசு பெருஞ்செலவு செய்யாமலே கோட்டை கரைந்தது. ஆசுத்திரியாவின் வியன்னா நகரில் மதிலை அகற்றி வட்டச்சாலை அமைக்கப் பேரரசர் ஆணையிட்டது 1857 ஆம் ஆண்டில்தான். மதுரை அதற்கு முன்பே அவ்வேலையை முடித்திருந்தது. வியன்னாவின் வட்டச்சாலையைக் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். நம் வெளி வீதியை நாம் பேருந்துக்காகக் காத்திருக்கும் இடமாக மட்டுமே அறிவோம்.

மதிலும் அகழியும் கிடந்த வளையத்தில் புதிய தெருக்கள் பிறந்தன. இடிப்புப் பணியில் ஈடுபட்ட அதிகாரி மாரட்டின் பெயரை மாரட் வீதியும், மேற்பார்த்த மேஸ்திரியின் பெயரைப் பெருமாள் மேஸ்திரி வீதியும் தாங்கி நிற்கின்றன. கோட்டையைக் கட்டிய கொத்தர் ஒருவர் பெயரும் தெருவில் நிலைக்கவில்லை. இடித்தவர் பெயர்களே நிலைத்தன.

நடையை வெளியிலிருந்து உள்நோக்கி வைத்துக்கொள்வது நலம். வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, கோயிலுக்குள் ஆடி வீதி எனச் சதுரத்துக்குள் சதுரமாக நகரம் சுருங்கிக்கொண்டே செல்லும். சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பர். விழா மாறியும் வீதி தன் பழம்பெயரை விடவில்லை.

உள்நகரில் 'பாண்டியன் அகில் தெரு' என்றொரு தெரு உண்டு. ஏலம் மணக்கும் ஊரிலிருந்து வந்தவர்க்கு அகில் என்றதும் நறும்புகை நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அது அகிற்கட்டை அன்று. 'அகழ்' என்பதன் திரிபு என்பர். பாண்டியர் கோட்டையின் அகழி தூர்ந்து தெருவானது. ழகரம் நாவில் தேய்ந்து லகரமாயிற்று. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்று சொல்பவரைத் திருத்தும் நாம் இத்தெருவின் பெயர்ப்பலகையைக் கண்டு பேசாமல் கடந்து செல்கிறோம். ஓர் எழுத்து மாறினால் ஓர் அகழி மறைந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அம்மன் சன்னதிக்குக் கிழக்கே விட்டவாசல் நிற்கிறது. பாண்டியர் காலக் கோட்டையின் கிழக்கு வாயில் என்று அறியப்படும் இதனை, மற்றவற்றை இடித்தபோது இடிக்காமல் விட்டமையால் இப்பெயர் வந்தது. இருபுறமும் மதில் இல்லாத அவ்வாயிலுக்குள் மக்கள் இன்றும் புகுந்து வெளியேறுகின்றனர். தென்கிழக்கில், கீழமாசி வீதியும் தெற்குமாசி வீதியும் கூடும் மூலையில் விளக்குத்தூண் இருக்கிறது. அது மதிலை அகற்றிய பிளாக்பர்னுக்கு மதுரை மக்கள் நன்றியோடு எழுப்பிய நினைவுத்தூண். அந்நன்றி பொய்யன்று, காற்றும் மனையும் பெற்றவர்களின் நன்றி அது.

மாலையில் வண்டிக்குத் திரும்புமுன் பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கம் செல்லலாம். நாயக்கர் கோட்டையின் மேற்குப் பகுதியில் எஞ்சிய கொத்தளம் அங்கே நிற்கிறது. இரைச்சலுக்கு நடுவே அதன் கற்சுவரைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். எழுபத்திரண்டில் ஒன்று.