வாயில்லா ஜீவனின் வலியும் நம் பொறுப்பும்



ஓர் இரவு இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்த என்னை, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் தம் பேரனுடன் எதிர்கொண்டு நின்றார். பேரனின் கையில் ஒரு கூடை. கூடையினுள் பழைய துணியின்மேல் எலும்பும் தோலுமாக ஒரு பூனை. 14 ஆண்டுகளாக அவ்வீட்டில் வளர்ந்த பூனை அது.

“ஹஜ்ரத்! இரண்டு நாளாக இது ஒன்றும் தின்னவில்லை. மூலையில் போய் ஒடுங்கிக் கொள்கிறது; தொட்டால் முனகுகிறது. நான் உடல் வலிக்குச் சாப்பிடும் பாரசிட்டமால் மாத்திரை வீட்டில் இருக்கிறது. பாதியைப் பாலில் கரைத்துப் புகட்டலாமா? மார்க்கத்தில் அது குற்றமாகுமா?” என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். “கொடுங்கள் உம்மா, நல்ல எண்ணத்தோடு செய்வதில் குற்றமில்லை” என்னும் சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால், அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்குமாறு திருமறை நமக்கு இட்டுள்ள கட்டளை நினைவுக்கு வந்தது. “எனக்கு மஸ்அலா தெரியும், மருத்துவம் தெரியாது. காலையில் கால்நடை மருத்துவமனைக்குப் போவோம். அதுவரை எதையும் கொடுக்க வேண்டாம்” என்றேன்.

மறுநாள் மருத்துவர் கூறியதைக் கேட்டு என் உடல் நடுங்கியது. மனிதனுக்கு வலி நீக்கும் பாரசிட்டமால், பூனைக்குக் கொடிய நஞ்சு. அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனை இழக்கும்; ஈறுகள் பழுப்பாகும்; முகம் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையின் உயிரைப் பறிக்கப் போதுமானதாகலாம். நான் நாவை அடக்காதிருந்தால், இரக்கத்தின் பெயரால் ஓர் உயிர் போயிருக்கும். அதற்கு என் வார்த்தை காரணமாகியிருக்கும்!

நோயின் தன்மை

இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்த மருத்துவர், அப்பூனைக்குச் சிறுநீரகங்கள் நலிந்துவிட்டன என்றார். வயது முதிர்ந்த பூனைகளிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. சிறுநீரகத்தில் ஒருமுறை அழிந்த நுண்வடிகட்டிகள் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே பூனை அடிக்கடி தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் கழிக்கும், மெலியும். கழிவுகள் இரத்தத்தில் தேங்குவதால் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். வாயில் புண் தோன்றி நாற்றம் வீசும். இரத்த அழுத்தம் உயர்ந்து திடீரெனப் பார்வை போவதும் உண்டு. முதுமையில் மூட்டுத் தேய்வும் சேர்ந்துகொண்டால், வேதனை இரட்டிப்பாகிறது.

முதுமையைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியுள்ளான் என்னும் கருத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். முதுமையோடு வந்த இந்த நலிவை நாம் முற்றாக நீக்க இயலாது. ஆனால் வேதனையைத் தணிப்பது நம் கையில் இருக்கிறது. அங்கேதான் நம் பொறுப்பு தொடங்குகிறது.

சொல்லாத வலியை அறிவது எப்படி?

அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்திற்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அவர்கள் அதனை நெருங்கி, காதின் பின்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள், அது அமைதியுற்றது. பிறகு அதன் உரிமையாளரை அழைத்து, அதனைப் பட்டினி போட்டுக் களைப்படையச் செய்வதைக் கண்டித்தார்கள். அபூதாவூத் பதிவு செய்துள்ள நிகழ்ச்சி இது. விலங்கின் மொழி நமக்குத் தெரியாது. ஆயினும் அதன் நிலையைக் கூர்ந்து பார்க்கும் கண் நமக்கு வேண்டும்.

பூனை தன் வலியை மறைக்கும் இயல்புடையது. எனவே கவனியுங்கள்: முன்பு தாவிய திண்ணையில் இப்போது ஏற மறுக்கிறதா? தன் மயிரை நக்கித் தூய்மை செய்வதை நிறுத்திவிட்டதா? முதுகைக் கூனி, கண்களைச் சுருக்கி, காதுகளைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறதா? உணவருகே வந்து முகர்ந்துவிட்டு விலகிப் போகிறதா? இவை வேதனையின் அடையாளங்கள். “குர்குர் என்கிறதே, மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது” என்று எண்ணிவிடாதீர்கள். வலி மிகுந்த நேரத்திலும் பூனை அவ்வாறு ஒலி எழுப்புவதுண்டு.

தணிக்கும் வழிகள்

முதலாவது, மனிதருக்குரிய எந்த வலி மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவை நலிந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். இந்நோயுள்ள பூனைக்கு எந்த வலி மருந்து, எந்த அளவில், எத்தனை நாள் என்பதை மருத்துவரே எடை பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் சில துளிகள் விட்டாலே வேலை செய்யும் புப்ரினார்பின் போன்ற மருந்துகள் அவரிடம் உண்டு. குமட்டலை நிறுத்தவும் பசியைத் தூண்டவும் தனி மருந்துகள் இருக்கின்றன. குமட்டல் நின்றதும் பாதி வேதனை தீர்ந்துவிடுவதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

இரண்டாவது, நீர். உடலில் நீர் வற்றுவதே பெரும் சோர்வுக்குக் காரணம். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் நல்ல தண்ணீர் வையுங்கள். தேவைப்பட்டால் மருத்துவர் தோலுக்கடியில் திரவம் செலுத்துவார். அதனை வீட்டிலேயே செய்யவும் கற்றுத் தருவார். அந்தப் பேரன் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான்.

மூன்றாவது, உணவு. கருவாடு, உப்பிட்ட மீன், மசாலா சேர்ந்த குழம்பு ஆகியவற்றைத் தவிருங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை. பாஸ்பரஸ் குறைந்த, ஈரப்பதமுள்ள உணவை மருத்துவர் சொல்வார். அதனை வெதுவெதுப்பாக்கி, சிறிது சிறிதாகப் பலமுறை வையுங்கள்; மணம் எழுந்தால் பூனை உண்ண முன்வரும். சில நாட்கள் தொடர்ந்து உண்ணாதிருந்தால் ஈரலும் பழுதுபடும். ஆகையால் காத்திருக்க வேண்டாம்.

நான்காவது, இடம். இரைச்சலற்ற மூலையில் மெத்தென்ற விரிப்பு, எளிதில் ஏறி இறங்கக்கூடிய தாழ்வான மண் தட்டு, குளிர்நாளில் சிறிது கதகதப்பு. இவற்றுக்குப் பெரும் செலவு இல்லை. 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, இப்போது சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், ஊர்தோறும் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைகளும் ஏழைகளும் அணுகக் கூடியவையே.

கடைசிக் கட்டம்

ஐந்து மாதங்கள் அப்பூனை நலமாகவே இருந்தது. பிறகு நோய் முற்றியது. “ஹஜ்ரத், ஊசி போட்டு முடித்து விடலாமா? இதன் துன்பத்தைப் பார்க்க முடியவில்லை” என்று மூதாட்டி அழுதார்.

இக்கேள்விக்கு விடை எளிதன்று. உண்ணத்தகாத பிராணியை, அதற்கு ஓய்வளிக்கும் நோக்கத்திற்காகக் கூடக் கொல்லலாகாது என்பது, நம் மதரஸாக்களில் ஓதப்படும் ‘பத்ஹுல் முயீன்’ போன்ற ஷாஃபிஈ நூல்களின் முடிவு. ஹனஃபி நூல்களிலோ, பயன்படாத அளவுக்கு நோயுற்ற பிராணியை வேதனையிலிருந்து விடுவிக்க அனுமதி காணப்படுகிறது. நம்பிக்கையற்ற கடும் வேதனையில், வேதனையின்றி உயிர் நீக்குவதை இக்கால அறிஞர் சிலரும் அனுமதித்துள்ளனர். ஆகவே, உங்கள் மத்ஹபின் ஆலிமையும் மருத்துவரையும் சேர்த்துக் கேட்டு முடிவெடுங்கள். பார்க்கச் சகிக்கவில்லை என்பது நம் துன்பம். அதன் துன்பம் வேறு. இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

அம்மூதாட்டி ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர். மருத்துவர் வலி மருந்தைக் கூட்டித் தந்தார். மூன்றாம் இரவு, அவர் மடியிலேயே அப்பூனை அமைதியாக மூச்சை நிறுத்தியது.

வாசகர்களே! பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததாக எச்சரித்த நபி (ஸல்) அவர்களே, ஈரமான ஈரலுடைய ஒவ்வோர் உயிருக்குச் செய்யும் உதவியிலும் நற்கூலி உண்டென்றும் நற்செய்தி கூறினார்கள். பூனை நம்மிடையே சுற்றிவரும் பிராணி என்று அவர்கள் கூறியதை அறிந்த ஹழ்ரத் அபூகதாதா (ரலி) அவர்கள், தாம் ஒளூச் செய்ய வைத்திருந்த பாத்திரத்தையே சாய்த்து, அதனைக் குடிக்கச் செய்தார்கள். எலி பிடித்த நாளில் சோறிட்டு, இளைத்த நாளில் தெருவில் விடுவது அந்த வழியன்று. ஒளூப் பாத்திரத்தைச் சாய்த்த அந்தக் கை, முதுமையுற்ற உயிரின்பாலும் சாயட்டும்.

அதற்கான இரக்கத்தையும் அறிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.