ஐந்து நாளுக்குப் பிறகு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது விருந்தாளிக்குச் சொன்னது. அடிபட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிறந்த வீட்டு வாசலில் வந்து நிற்கும் மகளுக்கும் வெகுகாலம் அதே கணக்குத்தான். முதல் நாள் அம்மா அழுவாள். இரண்டாம் நாள் அண்ணி பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைப்பாள். மூன்றாம் நாள் அப்பா தாய்மாமனைக் கூப்பிட்டு, "நீ கூடப் போய் மாப்பிள்ளைகிட்டப் பக்குவமாப் பேசி விட்டுட்டு வா" என்பார். மகள்மேல் பாசம் இல்லாதவர் அல்ல. ஆனால் அடுத்தவளுக்கு வரன் பார்க்கவேண்டும், மூத்தவளின் சீருக்கு வாங்கிய வட்டிக் கடன் இன்னும் பாதியில் நிற்கிறது, உலையில் அரிசி அளந்துதான் விழுகிறது. "அவ்வளவு அடி வாங்கியும் ஏன் திரும்பிப் போனாள்?" என்று கேட்கிறவர்கள் இந்த மூன்றாம் நாளைப் பார்த்ததில்லை.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கணவன் வீட்டைவிட்டு வெளியே வந்த பெண்ணின் கையில் என்ன இருந்தது? வீடும் நிலமும் அவள் பெயரில் இருக்காது. பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-இல்தான் சட்டமானது. அதுவும் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் முடிந்தவளுக்கு அன்று கிடைக்கவில்லை. மிஞ்சியது நகை. போட்டு அனுப்பியதில் பாதி மாமியார் பீரோவில் இருக்கும், மீதி அடகுக் கடையில். சீதனம் மனைவிக்கு மட்டுமே சொந்தம், அதைத் திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடி என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. தீர்ப்பு அவள் பக்கம் இருந்தது. அடகுச் சீட்டு அவன் பெயரில் இருந்தது.

அப்புறம் ஜீவனாம்சம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு வைத்திருந்த உச்சவரம்பு மாதம் 500 ரூபாய். 1955-இல் வைத்த வரம்பு அது; 1973-இல் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது; 2001 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். 1955-இல் 500 ரூபாய்க்கு ஏழு பவுனுக்குமேல் தங்கம் வாங்கலாம். 2001-இல் ஒன்றரை கிராம்கூட வராது. நாற்பத்தாறு ஆண்டுகள் நாடாளுமன்றம் இதை உயர்த்தவில்லை. வழக்கறிஞருக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தது போக என்ன மிஞ்சியிருக்கும் என்று அந்தப் பெண்களைத்தான் கேட்கவேண்டும்.

ஆனால் அன்று ஒன்றுமே இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். சென்னையில் 1912-இல், தானே சிறுவயதில் விதவையான சகோதரி சுப்பலட்சுமி, நான்கு இளம் விதவைகளோடு ஓர் இல்லத்தைத் தொடங்கினார். பின்னால் அது கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போனது. அங்கே சேர்ந்த பெண்ணுக்குக் கிடைத்தது சோறும் கூரையும் மட்டும் அல்ல. பள்ளிக்கூடம், அதன்பின் ஆசிரியர் பயிற்சி, அதன்பின் சம்பளம். முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தொடங்கிய அவ்வை இல்லமும் பெண்களைப் படிக்கவைத்துத் தொழிலோடு வெளியே அனுப்பியது. துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூகநல வாரியம் 1958-இல் கொண்டுவந்த சுருக்கக் கல்வித் திட்டத்தின் நோக்கமும் அதுதான்: பாதியில் படிப்பை விட்ட பெண்களை இரண்டு ஆண்டில் மெட்ரிக் தேற வைத்து, நர்ஸாகவோ ஆசிரியையாகவோ கிராம சேவிகையாகவோ ஆக்குவது. தமிழக அரசின் சேவை இல்லங்களும், தாம்பரத்தில் இருப்பது உட்பட, இதே வழியில் வந்தவை.

இந்த வாசல்கள் மிகக் குறுகலானவை. விதவையாக இருக்கவேண்டும், அல்லது ஆதரவற்றவள் என்று யாராவது எழுதித் தரவேண்டும். குத்துக்கல்லாகக் கணவன் இருக்கும்போது, அவன் அடிக்கிறான் என்பதற்காக மட்டும் வந்து நிற்பவளை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று அந்த இல்லங்களுக்கே தெரியாது. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிய பெண்களின் காலம் அது. வன்முறைக்குச் சட்டத்தில் ஒரு பிரிவு எண் கிடைத்ததே 1983-இல், 498-ஏ வந்தபோதுதான். ஆனாலும் எப்படியோ உள்ளே போய்விட்டவள், இரண்டு மூன்று ஆண்டு கழித்துச் சம்பாதிக்கத் தெரிந்தவளாக வெளியே வந்தாள். இந்த ஒன்றை இன்றைய திட்டங்களோடு வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

பெரிய அளவில் வேலை கொடுத்தது, பெண்களின் புகலிடம் என்று எவரும் பார்க்காத ஒரு திட்டம். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது ஊருக்கு ஊர் சமையலரும் ஆயாவும் தேவைப்பட்டார்கள். ஆதரவற்ற பெண்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. சம்பளம் சொற்பம். ஆனாலும் கணவன் துணை இல்லாத ஒரு பெண், ஊர் நடுவில், அரசாங்க வேலைக்காரி என்று நடந்துபோனாள். பல கிராமங்களில் "சத்துணவு ஆயா வீடு" என்று ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டுப் பெண்ணை எவனும் கையோங்கிக் கூட்டிப்போக வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை 1986-இல் வந்தது. இப்போது மாதம் 1,200 ரூபாய். விதிகளைப் படித்தால் அதை எழுதியவர் யாரை மனதில் வைத்திருந்தார் என்பது தெரியும். 30 வயது ஆகியிருக்கவேண்டும். கணவன் கைவிட்டு ஐந்து ஆண்டு ஆகியிருக்கவேண்டும், இல்லையென்றால் சட்டப்படி விவாகரத்தோ பிரிவோ பெற்றிருக்கவேண்டும். அவன் விட்டுப் போனால் சரி. அடி தாங்காமல் இவளே கிளம்பி வந்தால்? வந்தது 24 வயதில், இரண்டு பிள்ளைகளோடு என்றால்? டிஎன்பிஎஸ்சி தேர்வில் பெண்களுக்கான இடங்களில் ஆதரவற்ற விதவைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. விவாகரத்து ஆனவரும் கணவனால் கைவிடப்பட்டவரும் அதில் சேரமாட்டார்கள். ஐஸ் ஹவுஸ் காலத்திலிருந்து நம் அரசாங்கத்தின் இரக்கம் பெரும்பாலும் கணவன் செத்த பிறகுதான் ஊறுகிறது.

இனி இன்றைக்கு வருவோம். 1992-இல் ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தது. இன்று மாநிலம் முழுக்க இருநூறுக்கு மேல். 2006 அக்டோபரில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் எனக்குப் பெரிதாகப் படுவது, பணத்தைக் கொண்டு செய்யும் கொடுமையையும் வன்முறை என்று எழுதிவைத்ததுதான்: செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது, சம்பளத்தைப் பிடுங்குவது, நகையை விற்பது. வீட்டிலிருந்து அவளை வெளியேற்றக்கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம், மாதாந்திரச் செலவுக்கும் உத்தரவிடலாம். மாமனார் பெயரில் உள்ள வீடானாலும் அவள் வாழ்ந்த வீடு என்றால் தங்கும் உரிமையைக் கோரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்டத்துக்கு மாவட்டம் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 2018 டிசம்பர் முதல் 181-ஐ அழைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஒருவர் எடுக்கிறார். அரசின் சகி மையத்துக்குப் போனால் சிகிச்சை, ஆலோசனை, போலீஸ், வக்கீல் எல்லாம் ஒரே கூரையின்கீழ்.

சகி மையத்தில் தங்கலாம். ஐந்து நாள் வரை.

பிறந்த வீட்டைவிட அரசாங்கம் இரண்டு நாள் தாராளம். அந்த ஐந்து நாளை நான் குறைத்துப் பேசவில்லை. எத்தனையோ பேர் உயிரோடு இருப்பதே அதனால்தான். ஆனால் ஆறாம் நாள் காலையில் அவள் என்ன செய்வாள்?

வாடகைக்கு வீடு பார்க்கவேண்டும். "வீட்டுக்காரர் எங்க வேலை பாக்குறாரு?" என்பதுதான் முதல் கேள்வி. பதில் சொன்னபிறகு பாதி வீடு கைவிட்டுப் போய்விடும். மீதி வீட்டில் அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. சென்னையில் அதைச் சொல்லிப் பாருங்கள், ஓனர் சிரிப்பார். அடுத்து ரேஷன் கார்டு. பெயர் கணவன் வீட்டு அட்டையில் இருக்கிறது, அதை நீக்கினால்தான் புது அட்டை. நீக்க ஓடிபி வேண்டும், அது அவன் செல்போனுக்குப் போகும். பிரிந்து வாழும் பெண்ணுக்கு விவாகரத்துக் கேட்காமல், அதிகாரியே விசாரித்துப் பெயரை நீக்கித் தரலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் வழி செய்தார்கள். நல்ல காரியம். விசாரணைக்கு ஆள் வரும்வரை அரிசி கடையில்தான்.

2023 செப்டம்பர் 15 முதல் கொடுக்கப்படும் மகளிர் உரிமைத் தொகையும் அட்டைக்கு ஒரு குடும்பத் தலைவி என்ற கணக்கில்தான். கணவன் வீட்டு அட்டையில் மாமியார் தலைவி என்றால் ஆயிரம் ரூபாய் அங்கே போகும். தாய்வீட்டு அட்டையில் அம்மா தலைவி. நடுவில் நிற்பவளுக்கு எந்த அட்டையும் இல்லை. ஏற்கெனவே அவள் பெயரிலேயே வந்துகொண்டிருந்தாலும் ஏடிஎம் கார்டு யாரிடம் என்று கேட்கவேண்டும்.

கடன் மட்டும் தவறாமல் கூட வரும். மகளிர் குழுவில் எடுத்த லோன் அவள் பெயரில், அதில் வாங்கிய பைக் அவன் பெயரில். அவள் ஊரைவிட்டுப் போய்விட்டால் தவணையைக் குழுவில் உள்ள மற்ற பெண்கள் கட்டவேண்டும், ஆகவே அவர்களே போன் போட்டு, "எங்களைச் சந்தியில நிறுத்திட்டுப் போயிட்டியேக்கா" என்பார்கள். தாலி கட்டியவனைக்கூட உதறிவிடலாம், குழுவை உதறமுடியாது.

கோர்ட். விண்ணப்பத்தை 60 நாளில் முடிக்க முயலவேண்டும் என்பது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் வாசகம். முயல்கிறார்கள். ஜீவனாம்சத்தை விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிட்டுக் கொடுக்கவேண்டும், இரு தரப்பும் வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. சம்பளச் சீட்டு உள்ளவனிடம் இது செல்லும். கொத்தனாரிடமும் ஆட்டோ ஓட்டுநரிடமும் என்ன பத்திரம்? "எனக்கு வேலையே இல்லைங்க ஐயா." பாக்கி வைத்தால் ஒரு மாதச் சிறை என்று சட்டம் மிரட்டுகிறது. அந்த ஒரு மாதமும் பாக்கி பாக்கியாகவே நிற்கிறது, அடுப்பு எரிவதில்லை.

சரி, எங்கேதான் போகிறார்கள்? என் கணிப்பில் கொங்குப் பக்கத்தின் மிகப் பெரிய பெண்கள் காப்பகம் திருப்பூர். எந்தத் துறையும் அதை அப்படிக் கணக்கில் எடுப்பதில்லை. பனியன் கம்பெனியில் கணவன் பெயர் கேட்கமாட்டார்கள், செக்கிங்குக்கும் பேக்கிங்குக்கும் முன்அனுபவம் கேட்கமாட்டார்கள், சனிக்கிழமை சம்பளம். அந்த வாரச் சம்பளம்தான் முக்கியம். அரசின் உதவி எதுவும் ஏழாம் நாள் கைக்கு வராது, திருப்பூர் கொடுக்கும். விலையும் உண்டு: பிள்ளையைப் பாட்டியிடம் விடவேண்டும், ஓவர்டைமில் கண் போகும், லைன் சூப்பர்வைசர் எப்படிப்பட்டவன் என்பது அவரவர் அதிர்ஷ்டம். ஒரு வன்முறையிலிருந்து தப்பி வந்தவள் இன்னொன்றின் பக்கத்தில் நின்று தைக்கவேண்டியிருக்கலாம்.

அரசின் கற்பனையோ இன்னும் இலவசத் தையல் மெஷினிலேயே நிற்கிறது. வீடே இல்லாதவள் மெஷினை எங்கே வைப்பாள்?

இடையில் சில கதவுகள் நிஜமாகவே திறந்திருக்கின்றன. 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். இதை ஓட்டுக்கான சலுகை என்று எள்ளுகிறவர்கள், வாய்தாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலை தேடவும் ஒரு பெண் மாதம் எத்தனை முறை பஸ் ஏறுகிறாள் என்று எண்ணியதில்லை. பிள்ளைக்கு அரசுத் தொடக்கப் பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு கிடைக்கிறது. அவள் ஒரு வேளை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். டி.சி. வரத் தாமதமானாலும் பள்ளியில் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசே நடத்தும் தோழி விடுதிகள் வந்திருக்கின்றன. சம்பளம் வர ஆரம்பித்தவளுக்கு அது நல்ல இடம். வர ஆரம்பிக்கும் முன்?

நீண்ட காலம் தங்க மத்திய அரசின் சுவாதார் இல்லங்கள் இருந்தன, 2022-க்குப் பிறகு சக்தி சதன் என்ற திட்டத்துக்குள் போய்விட்டன. சுவாதார் விதிகளில் ஒரு வினோதம்: மற்ற ஆதரவற்ற பெண்கள் மூன்று ஆண்டு வரை தங்கலாம், குடும்ப வன்முறையில் வந்தவளுக்கு ஓராண்டுதான். சீக்கிரம் சமாதானமாகிவிடுவாள் என்று நினைத்தார்களோ என்னவோ. மகளிர் காவல் நிலையத்தில் பேசிச் சேர்த்துவைத்து அனுப்பும் அதே பழக்கம், விதியாகவே வந்துவிட்டதுபோல.

தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. நாடு முழுக்க, வன்முறைக்கு ஆளானவர்களில் உதவி கேட்டு வெளியே வந்தவர்கள் 14 விழுக்காடுதான். மற்றவர்களுக்கு 181 என்ற எண் தெரியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எண் தெரிந்தும் கூப்பிடாதவர்கள் ஆறாம் நாளை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்.

உரிமைத் தொகையைத் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களின் கணக்கில் பணம் போட இந்த மாநிலத்தால் முடிந்தது. அதற்கான விண்ணப்ப முகாம், மென்பொருள், வங்கி இணைப்பு எல்லாம் கையில் இருக்கின்றன. பாதுகாப்பு அலுவலர் வன்முறையைப் பதிவு செய்யும் அறிக்கையை (டி.ஐ.ஆர்.) எழுதிக் கையெழுத்துப் போடும் அன்றே, ரேஷன் கார்டு கேட்காமல், புதிதாகத் திறந்த அவளுடைய கணக்குக்கு ஓர் உதவித்தொகையின் முதல் தவணை போய்ச் சேர வைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. ஆறு மாதம் கொடுத்தால் அட்வான்ஸும் அரிசியும் ஆகும், கோர்ட்டுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். செலவு, உரிமைத் தொகைக்கு ஆவதில் ஒரு மூலைக்குக்கூட வராது. வேண்டியது ஓர் அரசாணை.