சுண்ணாம்புப் பாறை வளர்த்த திராட்சை ஊர்

உலகில் திராட்சை விளையும் இடங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, ‘மத்தியதரைக் கடல் தட்பவெப்பநிலை’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவது எங்கள் புவியியல் துறையில் வழக்கம். ஆனால் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற திராட்சை நிலமான போர்தோப் பகுதி மத்தியதரைக் கடலோரத்தில் இல்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் ஈரக்காற்று வீசும் தென்மேற்கில் இருக்கிறது. அதற்கு எடுத்துக்காட்டாக, போர்தோ நகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செயின்ட் எமிலியோன் என்னும் சிற்றூரை நான் கூறுவதுண்டு. “ஐயா, மதுப் பாடமா?” என்று பின் வரிசையில் சிரிப்பு எழும். மதுவுக்காக அன்று, ஒரு பாறை ஓர் ஊருக்கே பிழைப்பாக அமைந்த கதைக்கு இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறையில் நட்சத்திர மீன்களின் எச்சங்கள் இன்றும் காணப்படுகின்றன. பாறை மென்மையானது, உளிக்கு எளிதில் இடம் கொடுக்கும். 8-ஆம் நூற்றாண்டில் எமிலியோன் என்ற துறவி அங்கே ஒரு குகையில் வாழ்ந்தார் என்பது ஊரார் மரபு. ஊருக்குப் பெயர் வந்தது அவரால்தான். பின்னர் 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் அதே பாறையைக் குடைந்து ஒரு பெரிய தேவாலயத்தையே அமைத்துவிட்டனர். சுவர், தூண், கூரை யாவும் ஒரே பாறை. அதன் தலைமேல் 68 மீட்டர் உயர மணிக்கூண்டைப் பிற்காலத்தார் ஏற்றி வைத்தனர். குடைந்த பாறை அத்தனை பாரத்தைத் தாங்குமா என்ற கவலை இன்று வரை தீரவில்லை. தூண்களுக்கு இரும்பு முட்டுக் கொடுத்தே காத்து வந்திருக்கின்றனர்.

ஊரைச் சுற்றிலும் நிலத்தடியில் கல் வெட்டி எடுத்தனர். போர்தோ நகரின் மாளிகைகள் பலவற்றுக்குக் கல் இப்பகுதியிலிருந்து சென்றது. கல் போன இடம் வெற்றிடமாயிற்று. கோடையிலும் குளிர்ச்சி குன்றாத அவ்வெற்றிடம் மது முதிரும் நிலவறையாயிற்று. அது மனிதர்களையும் ஒளித்து வைத்ததுண்டு. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், துரத்தப்பட்ட ஜிரோந்தின் கட்சித் தலைவர்கள் சிலரை இவ்வூர்க்காரரான குவாதேயின் மைத்துனி திருமதி புக்கே, தம் வீட்டுக் கிணற்றின் பக்கச் சுவரில் திறந்த ஒரு குகையில் மறைத்து வைத்துச் சோறிட்டார். மறு ஆண்டு குவாதேயும் பிடிபட்டார். அடைக்கலம் தந்த அந்த அம்மையாரும் போர்தோவில் கில்லட்டினுக்குப் பலியானார்.

ஊரின் அன்றாட வாழ்வு கொடியைப் பின்பற்றியே நடக்கிறது. குளிர்காலம் முழுவதும் கவாத்து வேலை. நடுங்கும் குளிரில் ஒவ்வொரு கொடியாகப் பார்த்து, எதை வெட்டுவது எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். என் எண்ணத்தில் அறுவடையை விடக் கடினமான வேலை இதுவே. ஏப்ரலில் தளிர் விட்டதும் உறைபனிப் பயம். இரவில் வரிசைகளுக்கிடையே தீ மூட்டிக் காவல் இருப்பார்கள். 1956 பிப்ரவரிக் கடுங்குளிரில் கொடிகளே பட்டுப்போயின. ஜூனில் பூக்கும், அதிலிருந்து நூறு நாள் கணக்கில் அறுவடை. பெரிதும் விளைவது மெர்லோ, அடுத்தது கபர்னே பிரான்.

1199-இல் இங்கிலாந்து மன்னர் ஜான் அளித்த சாசனத்தால் ‘ஜூராத்’ என்ற ஊர்ச்சபை தோன்றியது. மதுவின் தரத்தை மேற்பார்க்கும் அதிகாரம் அதனிடம் இருந்தது. புரட்சியில் கலைந்த அச்சபை 1948-இல் மீண்டும் உயிர் பெற்றது. இன்று அதற்கு அதிகாரம் இல்லை. விழாக் கோலம் உண்டு. செப்டம்பரில் செவ்வங்கி அணிந்த உறுப்பினர்கள் அரசர் கோபுரத்தில் ஏறி அறுவடையை அறிவிக்கின்றனர்.

1999-இல் யுனெஸ்கோ இவ்வூரையும் சுற்றியுள்ள ஏழு ஊர்களையும் திராட்சைத் தோட்டங்களோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பயணிகள் குவிகின்றனர். 1620-லிருந்து அறியப்படும் ‘மக்கரோன்’ என்ற பாதாம் பிஸ்கோத்தை வாங்காமல் திரும்புவோர் குறைவு. ஆனால் பழைய மதிலுக்குள் நிரந்தரமாகக் குடியிருப்போர் மிகச் சிலரே. வீட்டுக் கீழ்த்தளங்கள் மதுக் கடைகளாயின. நிலத்தின் விலையோ, தந்தைக்குப் பின் வாரிசு வரி கட்ட முடியாமல் பிள்ளைகள் தோட்டத்தை விற்கும் அளவுக்கு ஏறிவிட்டது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாங்குகின்றன.

இப்போது வெப்பமும் ஏறுகிறது. மெர்லோ முன்னதாகவே பழுத்துச் சர்க்கரை மிகுகிறது. ஆகையால் தாமதமாகப் பழுக்கும் கபர்னே பிரானைக் கூடுதலாக நடுகின்றனர். 2022-ஆம் ஆண்டு வறட்சியில் மணற்பாங்கான நிலத்தின் இளங்கொடிகள் வாடியபோது, சுண்ணாம்புப் பாறை மேல் நின்ற முதிய கொடிகள் தாக்குப்பிடித்தன. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருந்து, வேருக்குச் சிறிது சிறிதாக விடுவது அப்பாறையின் இயல்பு.