பக்கத்து வீட்டுச் சம்பளமும் நம் இதயமும்

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பாயசம் வருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணாச்சி, பையன் எங்க இருக்கான்?" அமெரிக்கா என்றால் கேட்டவர் நிமிர்ந்து உட்காருவார். பெங்களூர் என்றால் தலையாட்டுவார். "இங்கனதான், மத்தளம்பாறைல" என்றால், "ஏன், வெளிய எதுவும் அமையலையா?" என்று ஆதங்கத்தோடு கேட்பார். அந்தப் பையன் என்ன வேலை செய்கிறான், அது அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்ற பேச்சு கடைசிவரை எழாது.

கேட்டவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் இடத்தை அடுத்தவர் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மனித மனத்தின் ஆழத்தில் இருக்கிற பழக்கம். அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே என்ற இரு ஆய்வாளர்கள் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு, முடிவை 1998-ல் வெளியிட்டார்கள். ஓர் உலகத்தில் உங்கள் ஆண்டு வருமானம் 50,000 டாலர், மற்றவர்களுக்கு 25,000. இன்னோர் உலகத்தில் உங்களுக்கு 1,00,000, மற்றவர்களுக்கு 2,00,000. இரண்டிலும் விலைவாசி ஒன்றுதான். எது வேண்டும்? ஏறக்குறையப் பாதிப்பேர் 50,000 டாலர் உலகத்தைத் தேர்ந்தார்கள். கைக்கு வரும் பணம் பாதியானாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டைவிட மேலே இருந்தால் போதும் என்று படித்தவர்களே நினைக்கிறார்கள்.

மேலே இருப்பவருக்காவது நிம்மதி உண்டா? கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஒரு செய்தித்தாள் இணையத்தில் போட்டபோது, டேவிட் கார்டும் மூன்று பொருளியலாளர்களும் அதை ஒரு சோதனையாக மாற்றினார்கள். ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அந்தத் தளம் இருப்பதைச் சொன்னார்கள். 2012-ல் வெளிவந்த முடிவின்படி, தன்னைப் போன்ற சக ஊழியர்களைவிடக் குறைவாக வாங்குவதைத் தெரிந்துகொண்டவர்களுக்கு வேலையில் மனநிறைவு குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. அதிகம் வாங்குவதைத் தெரிந்துகொண்டவர்களுக்கு மகிழ்ச்சி கூடவே இல்லை. இந்த ஒப்பீட்டில் தோற்பவருக்கு வலி இருந்தது, ஜெயித்தவருக்குப் பரிசு எதுவும் இல்லை.

இந்த வலி மனத்தோடு நிற்காமல் உடம்புக்குள்ளும் இறங்குகிறது. லண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த பகுதி வைட்ஹால். அங்கே பணிபுரிந்த சுமார் 18,000 ஆண் ஊழியர்களை 1967 முதல் ஒரு மருத்துவ ஆய்வு தொடர்ந்து கவனித்தது. உயர் அதிகாரிகளுக்குத்தான் பொறுப்பு அதிகம், அவர்களுக்கே மாரடைப்பும் அதிகம் வரும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. கிடைத்த முடிவு நேர்மாறானது. கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறப்பது, உச்சப் பதவியில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. இவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்ல. நிரந்தர வேலை, ஓய்வூதியம், அரசின் இலவச மருத்துவம் எல்லாம் உள்ளவர்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி விளங்காமலே நின்றது. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: உச்சப் படிக்கு அடுத்த படியில் இருந்தவர்களுக்குக்கூட உச்சியில் இருந்தவர்களைவிட ஆபத்து கூடுதல்.

1985-ல் மைக்கேல் மார்மட் தலைமையில், பெண்களையும் சேர்த்து 10,308 பேரோடு இரண்டாம் ஆய்வு தொடங்கியது. விடையின் முக்கியமான ஒரு பகுதி அதில் கிடைத்தது. எந்த வேலையை முதலில் எடுப்பது, எப்படிச் செய்வது, எப்போது எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வருவது என்பதில் தனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது? இந்த உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்தது. பதவிகளுக்கு இடையிலான வித்தியாசத்தில் கணிசமான பங்கு இதில்தான் இருக்கிறது என்று 1997-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். கெடுபிடி மிகுந்த வேலை மட்டும் ஆளைக் கொல்வதில்லை. கெடுபிடி நிறைய இருந்து, தன் சொல் எங்குமே எடுபடாத நிலைதான் மோசம். நெருக்கடி வந்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் ஊறும். ஆபத்து கடந்ததும் அது தணிய வேண்டும். தினமும் மேஜைக்கு எதிரிலேயே ஆபத்து உட்கார்ந்திருந்தால் அது எப்படித் தணியும்?

இதைக் குரங்குகளிடமும் பார்த்திருக்கிறார்கள். குற்றாலத்தில் நம் கையிலிருந்து பழத்தைப் பறிக்கிற நாட்டுக் குரங்குகளுக்குள்ளும் யார் முதலில் தின்பது என்ற வரிசை உண்டு. கென்யாவில் பபூன் குரங்குகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ராபர்ட் சபோல்ஸ்கி, கீழ்நிலைக் குரங்குகளின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் கூடுதலாக இருப்பதைக் கண்டார். 1980-களில் அவர் கவனித்த கூட்டம் ஒன்றில் விபரீதம் நடந்தது. சுற்றுலா விடுதி ஒன்றின் குப்பையைத் தின்னப் போன முரட்டு ஆண்கள், அங்கிருந்த இறைச்சியால் காசநோய் தொற்றிச் செத்தன. சாதுவான ஆண்களும் பெண்களும் மிஞ்சின. வரிசை அப்போதும் இருந்தது. ஆனால் மேலே இருப்பது கீழே இருப்பதைக் காரணமின்றிக் கடிப்பது அரிதானது. கீழ்நிலைக் குரங்குகளின் உடலில் அந்த அழுத்தத்தின் அடையாளங்களும் இல்லாமல் போயின. பின்னாளில் வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஆண்களும் அந்தப் பழக்கத்தையே கற்றுக்கொண்டன. 2004-ல் வெளியான இந்த ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன். படி இருப்பதைவிட, கீழ்ப்படியில் நிற்பவரைக் கூட்டம் எப்படி நடத்துகிறது என்பதே உடம்பைத் தீர்மானிக்கிறது என்று அது காட்டுகிறது.

நம் ஊரிலும் கீழ்ப்படியில் நிற்பவர்கள் உண்டு. தென்காசி வட்டாரத்தில் வீட்டுத் திண்ணையிலேயே பீடி சுற்றும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டில் இருந்தே வேலை, மேலதிகாரி பக்கத்தில் இல்லை என்பதால் அது சுதந்திரமான வேலை போலத் தோன்றலாம். ஆனால் இலை எப்படி இருக்கும், தூள் எவ்வளவு தருவார்கள், சுற்றியதில் எத்தனை தேறும் என்பதை எல்லாம் முடிவுசெய்வது கடைக்காரர். வைட்ஹால் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு மிகமிகக் குறைவு. பற்றை விடு, இருப்பதை வைத்துச் சந்தோஷப்படு என்று இவர்களிடம் உபதேசிப்பது அநியாயம். கூலி உயர வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுவது உலகப் பற்று என்றால், அந்தப் பற்று எனக்கும் வேண்டும்.

இனி, பந்தியில் பேச்சு வந்த மத்தளம்பாறைக்கு வருகிறேன். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் பெயர் மாறிய ஜோஹோ நிறுவனம் 2011-ல் இங்கே கிளை திறந்தது. பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்ற, அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 2019-ல் அமெரிக்காவை விட்டு இங்கே குடிவந்தார். அவர் வேட்டியும் சைக்கிளுமாக இருக்கும் படங்கள் பரவியபோது, அதைத் துறவு போலப் பலர் கொண்டாடினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகக்கூடியவர் கிராமத்தைத் தேர்வதும், வேறு வழியில்லாமல் ஒருவர் கிராமத்தில் நிற்பதும் ஒன்றல்ல. தேர்வு என்பதே, தன் விஷயத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையின் உச்சம். அங்கே நான் உண்மையில் மதிப்பது வேறு. ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலையில் சேர்க்கும் அந்த நிறுவனத்தின் பள்ளி. கல்லூரிப் பட்டம் என்ற அந்தஸ்து இல்லாமலே ஒரு பிள்ளை கைத்திறனால் தலைநிமிர முடியும் என்பதற்கு உள்ளூரில் கண்முன்னே சாட்சி இருப்பது சின்ன விஷயம் இல்லை.

வீட்டுக்கு அருகில் வேலை கிடைப்பது நல்லது என்பதற்கும் அறிவியல் சான்று இருக்கிறது. டேனியல் கானமனும் உடன் ஆய்வாளர்களும் டெக்சாஸில் 909 பெண்களிடம், முந்தைய நாளின் ஒவ்வொரு பொழுதும் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். 2004-ல் வெளியான முடிவில், காலையில் வேலைக்குப் போகும் பயணம்தான் பட்டியலின் அடியில் கிடந்தது. ஞாயிறு மாலை பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போய், தினமும் இரண்டு பஸ் மாறி அலுவலகம் போகும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

முதலில் சொன்ன சோல்னிக்கும் ஹெமன்வேயும் விடுமுறையைப் பற்றியும் கேட்டார்கள். உங்களுக்கு இரண்டு வாரம், மற்றவர்களுக்கு ஒரு வாரமா? அல்லது உங்களுக்கு நான்கு வாரம், மற்றவர்களுக்கு எட்டு வாரமா? இம்முறை பெரும்பாலோர் நான்கு வாரத்தைத் தேர்ந்தார்கள். சம்பளத்தில் போட்டி போட்டவர்கள் ஓய்வில் போட்டி போடவில்லை. ஆக, ஊரில் ஒரு பிள்ளை முதல் வேலைக்குப் போகிறது என்றால், அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே இருக்கும் அக்கா அண்ணன்களிடம் சம்பளத்தோடு இவற்றையும் சேர்த்து விசாரிக்கலாம்: லீவு கேட்டால் கொடுக்கிறார்களா, புதிதாகச் சேர்ந்தவர் தப்புச் செய்தால் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார்களா, இரண்டு வருஷத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள், சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறீர்கள்.